வெள்ளிக்கிழமை யாரும் போன் பண்ணக் கூடாது

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்க சார். பஸ்ஸுக்குள் காற்று அடித்தால் டிரைவர் போடும் பாட்டு காதில் விழ மாட்டேன் என்கிறது.

இது எந்த வருஷத்துப் பாட்டு, சொல்லுங்க பார்ப்போம். தெரியாதா? பரவாயில்லை. எழுபத்தெட்டு. எப்படிச் சொல்கிறேன் என்றால், பல்லவி முடிந்ததும் வயலின் கூட்டமாக வந்து போகிறது பாருங்க, அத்தனையும் ஆள். ஒரு கூடம் நிறைய ஆள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். எண்பத்துநாலுக்கு மேல் இப்படிக் கிடையாது. ஒருத்தன் ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு விரலால் அமுக்குவான். வயலின் வரும், புல்லாங்குழல் வரும், தவில்கூட வரும். அமுக்கினால் வருவது காலிங்பெல் சார். பாட்டு இல்லை.

நான் யார் என்று சொல்லவில்லையே. குரலைக் கேட்டே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வத்தலக்குண்டு சௌந்தரபாண்டி. இல்லையா? எஃப்.எம். கேட்கிற பழக்கம் கிடையாதோ? எங்கள் பக்கத்தில் மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டால், "நீங்க வத்தலக்குண்டு சௌந்தரபாண்டிதானே?" என்கிறார்கள். வத்தலக்குண்டு மருந்துக் கடையிலேயே அப்படித்தான் கேட்கிறார்கள். ரேடியோ நேயருக்கு ஊர்ப் பெயர் இனிஷியல் மாதிரி. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போகாது.

தொழில் மாவு மில். மதுரைக்கு வந்தது மில்லுக்கு பெல்ட் வாங்க. இதோ காலடியில் கிடக்கிறதே, அதுதான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மில்லை நிறுத்திவிடுவேன். மிளகாய் வறுத்துக்கொண்டு வந்தாலும் சரி, கல்யாண வீட்டு அரிசி வந்தாலும் சரி, மூன்று மணி வரை மில் ஓடாது. ரேடியோவில் "மதியக் கச்சேரி" அந்த நேரத்தில்தான். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். நேயர்கள் போன் பண்ணிப் பேசுவார்கள், பாட்டு கேட்பார்கள். நடத்துகிற பெண் பெயர் சாருலதா. நல்ல பெண், மரியாதையாகப் பேசும். ஆனால் பிறந்ததே தொண்ணூற்றாறில். அதற்கு என்ன தெரியும் சார்?

முன்னாலெல்லாம் எழுபத்தாறு, எழுபத்தொன்பது, எண்பத்தொன்று என்று கலந்து போட்டுக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது. எண்பத்துநாலு. அடுத்தது எண்பத்தைந்து. அதற்கடுத்தது எண்பத்தாறு. மறுநாள் மறுபடி எண்பத்தைந்து. தமிழ் சினிமாவே அந்த மூன்று வருஷம்தான் நடந்தது, முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை என்கிற மாதிரி.

நான் போன் பண்ணி, லைன் கிடைத்த நாளெல்லாம், எழுபத்தேழில் ஒன்று கேட்பேன். "தேடிப் பார்க்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு எண்பத்தைந்தில் ஒன்று போடும். மாதக்கணக்கில் தேடியது சார். காணாமல் போன ஆட்டைத் தேடினால்கூட அதற்குள் கிடைத்திருக்கும்.

எனக்கு அந்த மூன்று வருஷத்தின் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. சிலர் அப்படி நினைக்கிறார்கள். நான் சின்ன வயதில் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தேன். திருவிழா, கல்யாணம், ரசிகர் மன்றத்து விழா, எல்லாம் போவோம். எண்பத்தைந்து ஆடியில் குழுத் தலைவர் மெட்ராஸ் போய் ஒரு தாளப் பெட்டி வாங்கிவந்தார். ஸ்விட்சைப் போட்டால் அதுவே தாளம் போடும். "வேன்ல இடம் பத்தலை சௌந்தரம், இந்த ஒரு புரோகிராம் மட்டும் விட்டுக்கொடு" என்றார். விட்டுக்கொடுத்தேன். அதற்கப்புறம் வேனில் இடம் வரவேயில்லை. மாமனார் மில் இருந்தது, வந்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் பேசுவது இசை.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மதியக் கச்சேரி நேயர்கள். கம்பம் லாரன்ஸ்தான் அட்மின், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மூன்று மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் குழுவில் சண்டை ஆரம்பிக்கும். அன்றைக்கு ரேடியோவில் போட்ட பாட்டையெல்லாம் நான் எடுத்து, எதில் எது மெஷின், எது மனுஷன் என்று பிரித்து எழுதிப் போடுவேன். பலருக்கு இது பிடிக்கும். வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

எதிர்க்கட்சி சின்னாளபட்டி ரெங்கநாயகி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. எழுதாது, பேசித்தான் அனுப்பும். பின்னால் குக்கர் விசில் அடிக்கும், அதற்கு மேலே இந்த அம்மா பேசும்.

"சௌந்தரபாண்டியண்ணே, எண்பத்தஞ்சு பிடிக்கலைன்னா அந்த வருஷத்தையே காலண்டர்லருந்து எடுக்கச் சொல்லி கலெக்டருக்கு மனுக் கொடுங்க. எங்களை விடுங்க."

"மெஷின் பாட்டைப் பாட்டுன்னு சொல்ற காதை வச்சுக்கிட்டு என்ன தங்கச்சி பேசறது?" என்று எழுதினேன்.

"ஏண்ணே, நீங்க மட்டும் மாவைக் கையிலயா அரைக்கிறீங்க?"

எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். லாரன்ஸ் இரண்டு தடவை போட்டார். நான் மில்லும் மெல்லிசையும் ஒன்றில்லை என்று விளக்கமாக எழுதினேன். நீளமாக இருந்ததால் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொரு நாள் கேட்டது: "பிடிக்கலை பிடிக்கலைங்கறீங்க, ஒரு நாள்கூட விடாம கேக்கறீங்களே, எதுக்குண்ணே?"

"குறை சொல்லணும்னா முழுசாக் கேட்டாகணும் தங்கச்சி. பாதி கேட்டுட்டுப் பேசற ஆள் நான் இல்ல."

நியாயம்தானே சார்?

இப்படியே போனால் சரிவராது என்று நான்தான் சொன்னேன். வேலைநிறுத்தம். ஒரு வெள்ளிக்கிழமை ஒருத்தரும் போன் பண்ணக் கூடாது. இரண்டிலிருந்து மூன்று வரை அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து பேசட்டும். அப்போதுதான் உறைக்கும். லாரன்ஸ் உடனே, "நான் ரெடி அண்ணே" என்றார். அவருக்கு வேண்டியது தொண்ணூறுகள். போடி அழகர்சாமிக்கு வேண்டியது பக்திப் பாட்டு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். வேலைநிறுத்தம் என்றால் அப்படித்தான், காரணம் எதுவானாலும் கதவடைப்பு ஒன்று. எல்லாரும் கை தூக்குகிற பொம்மை போட்டார்கள்.

ரெங்கநாயகி மட்டும் பேசி அனுப்பியது. அன்றைக்குக் குக்கர் சத்தம் இல்லை.

"அண்ணே, விளையாட்டை விடுங்க. அந்த ஒரு மணி நேரத்தை மூட்டுவலித் தைலக் கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டிருக்கான். அவனே வந்து உக்காந்து தைலத்தைப் பத்திப் பேசுவானாம். இந்த நிகழ்ச்சிக்குப் போன் எவ்வளவு வருதுன்னு ஸ்டேஷன்ல பார்த்துக்கிட்டிருக்காங்க. போன் வரலைன்னா நேரத்தை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துருவாங்க. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன வருஷம்தான் அவங்கப்பா படுத்துட்டாரு. அவ சம்பளத்துலதான் வீடு ஓடுது."

இது மிரட்டல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோற்கிற கட்சி கடைசியில் கண்ணீரை எடுக்கும். "வேற நல்லவங்க வந்து நல்ல பாட்டாப் போடட்டும்" என்று எழுதினேன். எழுதிவிட்டு மிளகாய் அரைக்கப் போனேன். அன்றைக்கு மிளகாயில் மல்லியைக் கொட்டிவிட்டேன். மில்லில் வெளிச்சம் போதாது சார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு மணிக்கு மில்லை நிறுத்தினேன். ஒரு அம்மா அதிரசத்துக்கு ஈரப் பச்சரிசி கொண்டுவந்து நின்றது.

"அண்ணே, அரைச்சுக் கொடுத்துட்டு ரேடியோ கேளுங்கண்ணே. அரிசி காஞ்சு போகும்."

"இன்னிக்கு வேலைநிறுத்தம்மா."

"மில்லுக்கா?"

"ரேடியோவுக்கு."

அந்த அம்மா என் மனைவியைப் பார்த்தது. என் மனைவி பவுனுத்தாய் சல்லடையைத் தட்டிக்கொண்டே, "மூணு மணிக்கு வா தாயி, இப்ப ஒண்ணும் நடக்காது" என்றாள். அவள் இந்த விஷயத்தில் தலையிட மாட்டாள். இசை ஞானம் கிடையாது.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் பாட்டு, வழக்கம்போல எண்பத்தாறு. முடிந்ததும் சாருலதா சொன்னது: "நேயர்களே, லைன் திறந்தாச்சு. இன்னிக்கு உங்க ஒவ்வொரு போனும் எனக்கு ரொம்ப முக்கியம்." குரல் லேசாக ஆடியது. மைக் சரியில்லை என்று நினைத்தேன்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு யோசனை வந்தது. நாம் இவ்வளவு பெரிய போராட்டத்தை ஆரம்பித்துவிட்டோம், எவனாவது கட்டுப்பாட்டை மீறினால்? அதைக் கண்காணிக்க வேண்டியது என் பொறுப்பு இல்லையா? ஒருமுறை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மணி அடித்தால் லைன் சும்மா இருக்கிறது, வெற்றி. வைத்துவிடலாம். பிஸி என்று வந்தால் எவனோ துரோகி.

அடித்தேன். பிஸி.

வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். பிஸி. பவுனுத்தாய் போனை வாங்கி அதிலும் அடித்தேன். பிஸி. இரண்டு போனிலும் மாறி மாறி அடித்தேன். சாதாரண நாளில்கூட இவ்வளவு பிஸி கிடையாது சார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு துரோகி இல்லை, இது ஒரு கூட்டம்.

அதற்குள் ரேடியோவில் குரல் வந்தது. "வணக்கம் மேடம், கம்பம் லாரன்ஸ் பேசறேன். ரெண்டு மாசமா லைனே கிடைக்கல மேடம். இன்னிக்கு எப்படியும் கிடைச்சுரும்னு மனசு சொல்லுச்சு."

மனசு ஏன் சொல்லாது? யாரும் போன் பண்ண மாட்டார்கள் என்று குழுவில் அத்தனை பேரும் கையைத் தூக்கியிருக்கிறார்களே. அடுத்தது போடி அழகர்சாமி. அடுத்தது பழனிச்செட்டிபட்டி. அடுத்தது ஒட்டன்சத்திரம். வரிசையாகக் கையைத் தூக்கினவன் எல்லாம் வந்தான். ஒவ்வொருத்தனும், மற்றவனெல்லாம் வாக்கைக் காப்பாற்றுவான், நமக்கு லைன் காலியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். கொள்கை இருந்தது என்னிடம் மட்டும்தான். நான் கண்காணிக்க அடித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. போராட்டத்தை எதிர்த்த ரெங்கநாயகிக்கு அன்றைக்குக் கடைசிவரை லைன் கிடைக்கவில்லை. "உங்க வேலைநிறுத்தத்துல என் போன் சூடேறி அணைஞ்சே போச்சுண்ணே" என்று பிற்பாடு சொன்னது.

அழகர்சாமி என்ன பாட்டு கேட்டார் தெரியுமா? பக்திப் பாட்டு இல்லை. எண்பத்தைந்து. லாரன்ஸ் எண்பத்தாறு. மானக்கேடு.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் காதில் மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள். "வணக்கம், யார் பேசறீங்க?" நான் தொண்டையைச் செருமினேன், அவ்வளவுதான்.

"வத்தலக்குண்டு சௌந்தரபாண்டி ஐயா! இன்னிக்கு நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் வரிசையாக வைத்திருந்தேன். இசை, மெஷின், மனுஷன், போராட்டம். "எப்படி இருக்கேம்மா?" என்று வந்துவிட்டது.

"நல்லா இருக்கேன் ஐயா. உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

அந்தக் கேள்வியை அவ்வளவு பக்கத்தில் கேட்டு நாளாகிவிட்டது சார். எழுபத்தேழு என்று ஆரம்பித்தேன். வாயில் வந்தது வேறு. ஆற்றங்கரையில் இரண்டு பேர் தோணிக்குக் காத்திருப்பார்களே, அந்தப் பாட்டு. சரணத்துக்கு முன்னால் டோலக் தனியாகக் கொஞ்ச நேரம் போகும்.

"ஐயா, அது எண்பத்தஞ்சாச்சே" என்று சாருலதா சிரித்தது.

"படம் வந்ததுதாம்மா எண்பத்தஞ்சு. பாட்டை அதுக்கு முன்னாலேயே எடுத்துட்டாங்க."

எனக்கு அப்படித்தான் நினைவு. பாட்டு போட்டார்கள். பவுனுத்தாய் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "இது நீங்க கடைசியா வாசிச்ச பாட்டுல்ல?" என்றாள். அவளுக்கு ஞாபக சக்தி அதிகம். தேவையில்லாததெல்லாம் ஞாபகம் இருக்கும்.

நான் போனை வைக்கப் போனேன். "ஐயா, லைன்லயே இருங்க" என்று குரல். பாட்டு ஓடும்போது உள்ளே பேசினால் ரேடியோவில் கேட்காது. அப்போதுதான் சொன்னது. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்களையும் சேர்த்து மூன்று நாலு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பாட்டெல்லாம் அது தேர்ந்தெடுப்பதே இல்லையாம். பாட்டுக்கு உரிமை வாங்கித்தான் போட வேண்டும். முன்னால் இரண்டு கேசட் கம்பெனியிடம் வாங்கியிருந்தார்கள். பழசெல்லாம் ஒரு கம்பெனி கையில். பொங்கலோடு அந்த ஒப்பந்தம் முடிந்தது, ஸ்டேஷனில் புதுப்பிக்கவில்லை. மீதி இருக்கிற கம்பெனி மூன்றே வருஷம்தான் நடந்ததாம். எண்பத்துநாலு, எண்பத்தைந்து, எண்பத்தாறு. அப்புறம் மூடிவிட்டார்கள். அந்தப் பாட்டுதான் கையில் இருக்கிறது. அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டு இல்லை என்று நேயர்களிடம் சொல்லக் கூடாது என்று மேலே உத்தரவு.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். நான் எத்தனை எழுதியிருப்பேன். ரசனை இல்லாத பெண் என்று எழுதியிருக்கிறேன், காது கேட்காத பெண் என்றுகூட எழுதியிருக்கிறேன். தப்பு யார் மேல்? சொல்லாதது யார்?

"நீங்க எழுதறதையெல்லாம் படிக்கறேன் ஐயா. ரெங்கநாயகியம்மா அனுப்புவாங்க."

டோலக் வந்துவிட்டது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுமா? மேனேஜர் இப்ப கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு லைனையே பார்த்துக்கிட்டிருக்கார். இவ்வளவு போன் இங்க யாருக்கும் வந்ததில்ல. தைலக்காரரை வேற நேரம் பார்க்கச் சொல்லிட்டாங்க. குழுவுல நீங்க சண்டை போடறதாலதான் ஐயா ஜனங்க கேக்கறாங்க. நான் போடற பாட்டை நீங்க திட்டறதையும், அதுக்கு ரெங்கநாயகியம்மா திட்டறதையும் பார்க்கத்தான் பாதிப் பேர் வர்றாங்க. நிறுத்திடாதீங்க."

"எதை நிறுத்தக் கூடாது?"

"திட்டறதை."

பாட்டு முடியப் போகிறது என்று போனை வைத்துவிட்டது. நான் எழுந்து மில்லைப் போட்டேன். அதிரச அரிசி கொஞ்சம் காய்ந்துதான் போயிருந்தது. அந்த அம்மா, "நல்ல பாட்டுண்ணே" என்றுதான் சொன்னது.

அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் குழுவில் சண்டை இல்லை. லாரன்ஸ் ஒரு ரோஜாப்பூ படம் போட்டு "இனிய மாலை வணக்கம்" என்று எழுதினார். எல்லாரும் வணக்கம் போட்டார்கள். நான் மட்டும், "போராட்டத்தின் நோக்கம் நிறைவேறியது" என்று எழுதினேன். உண்மைதானே சார்? நான் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லியிருக்காவிட்டால் அவ்வளவு போன் வந்திருக்குமா? அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் நிலைத்திருக்குமா?

ஆனால் இப்போது எனக்கு வேலை அதிகமாகிவிட்டது. முன்னால் கோபம் தானாக வந்தது, எழுதினேன். இப்போது தினமும் வரவழைக்க வேண்டியிருக்கிறது. குழுவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் சண்டை முடிந்துவிடும், சண்டை முடிந்தால் போன் குறையும், போன் குறைந்தால் தைலம் வந்துவிடும். ஆகவே பாட்டைக் கவனமாகக் கேட்கிறேன். முன்னைவிட இன்னும் கவனமாக. கேட்கக் கேட்க என்ன ஆகிறதென்றால், சில பாட்டில் குறையே கிடைக்க மாட்டேன் என்கிறது.

நேற்று அப்படி ஒன்று போட்டது. எண்பத்தாறு. பெட்டிதான் வாசிக்கிறது, நன்றாகத் தெரிகிறது. இருந்தாலும் அந்தப் பாடகி இரண்டாவது சரணத்தை எடுக்கிற இடத்தில் ஒரு மூச்சு விடுகிறாள் சார். அந்த மூச்சை என்ன சொல்வது? மில்லைப் போடாமல் மூன்றரை வரை உட்கார்ந்து யோசித்தேன். பவுனுத்தாய்கூடக் கேட்டாள், "இன்னிக்கு ஒண்ணும் எழுதலையா?" என்று. கடைசியில், "இந்தப் பாட்டு மிகவும் சீக்கிரம் முடிந்துவிட்டது, வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று எழுதிப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரெங்கநாயகி பேசி அனுப்பியது. குக்கர் சத்தத்துக்கு நடுவில், "ஆமாண்ணே, இன்னும் ஒரு சரணம் வச்சிருக்கலாம்" என்றது.

அப்புறம் அதற்கே திக்கென்றிருக்கும் போலிருக்கிறது. உடனே இன்னொன்று அனுப்பியது: "ஆனா உங்களுக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே."